தாம்பரத்துக் குறுங்காடு

சென்னை எழும்பூரினின்று தென்றிசை நோக்கிச் செல்லும் புகைவண்டியில் அமர்ந்து, பரங்கிமலையைக் கடந்தபின் சாளரத்தின் வழியே நோக்குவோர்க்குக் கல்லும் முள்ளுமான சிறு குன்றுகள் ஊர்களுக்கு இடையிடையே தோன்றும். திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அக்குன்றுகளின் சரிவிலும் அடியிலும் ஆளுயரப் புதர்கள் அடர்ந்து நிற்கும். வழிச்செல்வோருட் பலர் அவற்றை ஒருமுறை நோக்கிவிட்டுத் 'தரிசு நிலம்' என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வர். ஆனைமலையிலும் குற்றாலத்திலும் வானளாவி நிற்கும் மரங்களையே காடு என்று எண்ணிப் பழகிய மனம், இடுப்பளவு உயர்ந்த களாச்செடியைக் காடு என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

பழந்தமிழர் பார்வை இவ்வாறு சுருங்கியதன்று. அவர்கள் காட்டுக்குப் பல பெயர் வழங்கினர். அப்பெயர்கள் யாவும் ஒரே பொருளைக் குறித்தன அல்ல. அரணைச் சூழ்ந்து வளர்த்த காவற்காட்டை மிளை என்றனர். மக்கள் நட்டு வளர்த்த மரச்செறிவைக் கா என்றனர். தாழ்ந்து அடர்ந்த குறுங்காட்டுக்கு இறும்பு என்று தனிப்பெயர் இருந்தது. தாம்பரத்தைச் சூழ்ந்து கிடப்பது இந்த இறும்பே. சொல் வழக்கிழந்துவிட்டது, பொருள் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை.

இக்குறுங்காட்டின் இயல்பு வியப்புக்கு உரியது. சோழமண்டலக் கடற்கரைக்கு மழை தருவது பெரும்பாலும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. எஞ்சிய திங்கள்களில் பெரும்பகுதி வறட்சியே. இத்தகைய வறட்சியில் வளரும் மரங்கள் வேறிடங்களில் இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நிற்பதே இயற்கை. இக்காடோ கத்திரி வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்கிறது. நிலநூலார் இதனை 'உலர் பசுமைமாறாக் காடு' என்பர். தமிழகத்தின் கீழைக் கடற்கரையை ஒட்டியும் இலங்கையின் வடபகுதியிலும் இவ்வகைக் காடு சிறப்பாகக் காணப்படுகிறது. உலகில் வேறு பல நாடுகளில் இதனைக் காண்பது அரிது. இதன் இலைகள் சிறியவை, தோல்போலத் தடித்தவை, மேலே மெழுகு பூசினாற்போன்ற பளபளப்பு உடையவை. ஞாயிற்றின் வெப்பம் இலையின் ஈரத்தை எளிதில் கவர முடியாது. காசான், காட்டெலுமிச்சை, உலக்கைப்பாலை ஆகியவை இவ்வகையின. கரும்பச்சை இலைகளுக்கிடையே காசான் நீலநிறப் பூக்களைக் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும்போது, தரிசு என்றவரும் வாய்திறவாமல் நிற்பர்.

முட்புதருக்கும் ஒரு பணி உண்டு. களா, காரை, சூரை ஆகியவற்றின் கனிகளைக் கொண்டைக்குருவிகள் தின்று, விதைகளை எச்சத்தோடு புதர்களுக்குள்ளேயே இடுகின்றன. அவ்விதைகளோடு வேம்பு முதலிய மரங்களின் விதைகளும் வந்து வீழும். புதரின் நிழலில் ஈரம் தங்கும். சருகு மக்கி உரமாகும். சுற்றிலும் முள் இருத்தலால் ஆடும் மாடும் வாய்வைக்க இயலாது. இவ்வாறு வேலிக்குள் வளரும் நாற்றைப்போல மரக்கன்று முள்ளுக்குள் வளர்ந்து, ஒருநாள் புதரின் தலைக்கு மேலே தன் தலையை நீட்டும். 'முள்ளை வெட்டி நிலத்தைத் தூய்மை செய்து மரம் நடுவோம்' என்று புறப்படுவோர், தாம் வெட்டுவது மரங்களின் தொட்டில் என்பதை அறியார். அவர் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. அவர் அறிந்தது போதாது என்பதே குறை.

இந்நிலத்தில் மக்கள் வாழ்ந்த தொன்மை சிறிதன்று. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நிலவியல் அளவைத் துறையைச் சார்ந்த இராபர்ட்டு புரூசு ஃபூட் என்பார் பல்லாவரத்தில் படைப்பயிற்சித் திடலை அடுத்த பள்ளமொன்றில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மக்கள் இந்நாட்டில் வாழ்ந்தனர் என்பதற்கு அக்கல்லே முதற்சான்றாயிற்று. எழுத்தும் உழவும் அறியாக் காலத்தே இக்குன்றுகளிடையே வேட்டையாடிக் கிழங்ககழ்ந்து உண்ட மாந்தர்க்கும் இக்காட்டை ஒத்ததொரு காடே அட்டிற்சாலையாய் இருந்திருத்தல் வேண்டும்.

பின்னர் வேந்தர் காலம் வந்தது. நாடு காக்கும் அரணுக்கு நீரும் மலையும் போலக் காடும் வேண்டும் என்பது திருவள்ளுவர் கருத்து. அக்காட்டை வெட்டுவது பகைவர் செயலாகக் கருதப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியிலோ காடு பகையின்றியே அழியத் தொடங்கிற்று. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புகைவண்டி ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் சென்னை மாகாணத்துப் புகைவண்டிகள் விறகையே மிகுதியும் எரித்தன. தண்டவாளத்துக்கு அடியில் இடும் கட்டைகளுக்கும் மரமே வேண்டும். அவ்வாண்டிலேயே கிளெக்ஃகார்ன் என்னும் மருத்துவர் மாகாணத்தின் காட்டுக் காவலராக அமர்த்தப்பட்டார். செடிநூல் வல்லவராகிய அவர், மரம் வெட்டும் வேகத்தில் மரம் வளராது என்னும் எளிய கணக்கை அரசுக்கு எடுத்துரைத்தார். 1882-ஆம் ஆண்டில் சென்னைக் காட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் காப்புக்காடுகளுக்கு அடிப்படையாக இன்றும் நிற்பது அச்சட்டமே.

ஒரு நிலம் காப்புக்காடு ஆகும் முறை அறியத்தக்கது. முதலில், இன்ன எல்லைக்கு உட்பட்ட நிலத்தைக் காப்புக்காடாக்கக் கருதியுள்ளோம் என்று அரசு அறிவிக்கும். பின்பு அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலர் ஊராரை அழைத்து, 'இந்நிலத்தில் உமக்கு வழியுரிமை உண்டா? மாடு மேய்த்தீரா? ஓடைநீரைப் பயன்கொண்டீரா?' என்று வினவி முடிவு செய்வார். அதன்பின்னரே இறுதி அறிவிப்பு வெளியாகும். எல்லையில் கற்கள் நடப்படும். அன்றுமுதல் அந்நிலத்தில் உத்தரவின்றி மரம் வெட்டுதல், தீயிடுதல், மாடு மேய்த்தல், கல் உடைத்தல், புகுந்து திரிதல் ஆகியவை குற்றமாகும். காப்புக்காடு தனி ஒருவர்க்கு உரியதன்று. எல்லார்க்கும் பொதுவாய் அரசின் கையில் இருப்பது. எல்லார்க்கும் பொது என்பதை எவர்க்கும் உரியதில்லை என்று பொருள் கொண்டு கைவைப்பாரும் உளர். அவரைத் தடுப்பதே காவலரின் முதற்பணி.

ஆயினும் சட்டம் பிறப்பதற்கு முன்பே ஊரார் காத்த இடங்களும் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுட்டோர்க்கு எதிராக ஊரார் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டில் அப்போதைய கலெக்டரிடம் உரிமைச் சீட்டுப் பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவர்கள் கண்டிருந்தனர்.

காட்டின் காவலை எண்ணும்போது இருளரை மறத்தல் இயலாது. செங்கற்பட்டுச் சீமையின் குறுங்காடுகளில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் குடியினர் அவர். புற்றின் வாயில் படிந்த தடத்தைக் கண்டே உள்ளிருப்பது நாகமா, சாரையா என்று உரைப்பர். எலிவளையைத் தோண்டி எலியையும், எலி சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பர். எந்த வேர் எந்த நோய்க்கு ஆகும் என்பது அவர்தம் பெண்டிர்க்குக் கைவந்த கலை. ஒருகாலத்தில் பாம்புத்தோல் வணிகம் செழித்திருந்தது. இருளர் பிடித்துத் தரும் பாம்பின் தோல் பதனிடப்பட்டுப் பையாகவும் இடைவாராகவும் கடல்கடந்து சென்றது. வணிகர் பெற்ற பொருளோ மிகுதி; இருளர் பெற்றது சில காசுகளே.

1972-ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் வணிகம் சில ஆண்டுகளில் நின்றது. பாம்புகள் பிழைத்தன, இருளர் பிழைக்க வழியின்றித் திகைத்தனர். அறமும் அறமும் மோதிய இடம் அது. பாம்பைக் காக்க வேண்டும் என்பதும் மெய். பாம்பு பிடிப்பதன்றி வேறு தொழில் அறியாக் குடும்பம் பசித்திருத்தல் ஆகாது என்பதும் மெய். சட்டநூல் இதற்கு விடை சொல்லவில்லை. விடை 1978-ஆம் ஆண்டில் கிடைத்தது. உரோமுலசு விட்டேக்கர் என்பாரின் துணையோடு, மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

அச்சங்கத்தில் பாம்பைக் கொல்வதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கையும் உறுப்பினர் காட்டுத்துறையின் இசைவுபெற்றுப் பிடித்து வருவர். மட்பானைகளில் மணல் இட்டு அவற்றை வைப்பர். மூன்று நான்கு கிழமைக்குள் சிலமுறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அடையாளம் உள்ள பாம்பு அண்மையில் நஞ்சு தந்தது என்று பிடிப்பவர் அறிந்து அதனைத் தொடமாட்டார். அந்நஞ்சு மருந்துச் சாலைக்குச் செல்லும். அங்கே குதிரையின் உடலில் மிகச் சிறிய அளவாக ஏற்றப்படும். குதிரையின் குருதியில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகும்; அதைப் பிரித்தெடுத்தே பாம்புக்கடிக்கு மருந்து செய்கின்றனர். வயலில் கடியுண்ட உழவன் மருத்துவமனையில் உயிர் பிழைக்கும்போது, அவ்வுயிருக்குத் துணைநின்றோருள் பெயரறியா இருளர் ஒருவரும் இருத்தல் கூடும்.

இவர்தம் அறிவு கடல்கடந்தும் சென்றது. அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்துச் சதுப்புக்காடுகளில், வளர்ப்போர் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்நிலத்துக்குரிய சிறு விலங்குகளைத் தின்று தீர்த்து வந்தன. புல்லுக்குள் கிடக்கும் பாம்பைக் காணும் வழி அந்நாட்டார்க்குப் பெரும்பாலும் கைகூடவில்லை. 2017-ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அங்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் புல் மடிந்த வகையையும் எச்சத்தையும் தடத்தையும் நோக்கி நடந்து, சில கிழமைகளுக்குள் பல மலைப்பாம்புகளைப் பிடித்தனர். 16 அடி நீளமுள்ள பெண் பாம்பும் அவற்றுள் ஒன்று. 2023-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்விருவர்க்கும் பத்மசிறீ விருது வழங்கியது. தரிசு என்று பிறர் கடந்துசென்ற நிலம் பயிற்றுவித்த கல்வி அது.

இனி, தாம்பரத்துக் காடுகளுக்கு நேர்ந்ததைக் காண்போம். வடக்கே கிண்டியும், கிழக்கே நன்மங்கலமும், நடுவே சேலையூரும், தெற்கே வண்டலூரும் ஒருகாலத்தில் பரந்து கிடந்த குறுங்காட்டின் எஞ்சிய துண்டுகள் என்பர். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சாரப் புகைவண்டி ஓடத் தொடங்கியபின் இப்பக்கம் குடியேறுவோர் பெருகினர். 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. காட்டைத் திருடர் வெட்டியது உண்டு. ஆயினும் அதனைப் பெரிதும் குறைத்தவர் திருடர் அல்லர். கிண்டிக் காட்டையே எடுத்துக்கொள்க. 1910-ஆம் ஆண்டில் அது காப்புக்காடு ஆனபோது அதன் பரப்பு 500 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்டது. பின்னர்த் தொழில்நுட்பக் கல்லூரிக்கென ஒரு பகுதி, தலைவர்களின் நினைவிடங்களுக்கென ஒரு பகுதி எனப் பகிர்ந்து தரப்பட்டது. 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேர். கல்விச்சாலை வேண்டாம் என்பார் யார்? நினைவிடம் வேண்டாம் என்பார் யார்? ஒவ்வொரு முறையும் கேட்டது நற்செயலே. ஒவ்வொரு முறையும் தந்தது காடே.

சேலையூர்க் காட்டின் வரலாறு சற்று வேறுபட்டது. அக்காட்டின் ஒரு பகுதி சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குத் தரப்பட்டது. 1937-ஆம் ஆண்டில் கல்லூரி நகர் நடுவிலிருந்து அங்குக் குடிபெயர்ந்தது. கல்லூரியார் கட்டடங்களுக்கு வேண்டிய அளவு இடம் திருத்தி, மற்றையதைக் காடாகவே விட்டனர். வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சு என்பவர் அங்கு மரங்களை நடுவித்தார். இருந்த செடிகளையும் ஆராய்ந்தார். அவர்க்கு ஊதியம் தந்த பாடம் வேதியியல். உள்ளம் கவர்ந்த பாடம் செடிநூல். விடுமுறைகளில் மலைகளுக்குச் சென்று அரிய செடிகளைத் தேடித் தொகுத்தார். தென்னிந்திய மலைச்செடிகள் சிலவற்றின் அறிவியற் பெயரில் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. காட்டைக் கேட்டுப் பெற்றவர் காட்டைக் காத்தற்கு இஃது எடுத்துக்காட்டு. அதே காலப்பகுதியில், 1928-ஆம் ஆண்டில், டாக்டர் சௌரி முத்து என்பார் தாம்பரத்துப் பச்சைமலையடியில் காசநோய் மருத்துவமனை நிறுவியதும் இப்பக்கத்துத் தூய காற்றை நம்பியே ஆகும். புகைவண்டி நிலையத்தின் பெயரில் 'சானடோரியம்' என்னும் சொல் வழங்குவது அதனாலேயே.

வண்டலூரில் நிகழ்ந்தது மற்றொரு வகை. சென்னையின் விலங்குக் காட்சிச்சாலை 1855-ஆம் ஆண்டில் அருங்காட்சியகத் தலைவர் எட்வர்டு பால்ஃபர் தொடங்கியது. அது நகருக்குள் நெருக்குண்டு கிடந்தமையால், 1979-ஆம் ஆண்டில் வண்டலூர்க் காப்புக்காட்டில் ஏறத்தாழ 510 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டு, 1985-ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. பிற்காலத்தில் மேலும் நிலம் சேர்ந்து இன்று 602 ஹெக்டேராக விளங்குகிறது. வெட்டுண்டு வெறுமையாய்க் கிடந்த அந்நிலத்தில் சுற்றுப்புறத்து ஊராரின் துணையோடு மரக்கன்றுகள் நடப்பட்டன, காடு மீண்டது. 2016-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் வர்தா என்னும் புயல் சென்னையைத் தாக்கியது. பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் வீழ்ந்தன. நகரெங்கும் வேரோடு சாய்ந்தவற்றுள் விரைவில் வளரட்டும் என்று வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து நட்டவை மிகுதி. காற்றுக்கும் வறட்சிக்கும் பழகிய நாட்டு மரங்களும் புதர்களும் அவற்றினும் உறுதியாய் நின்றன. விரைந்து நிழல் தரும் மரம் விரைந்து வீழவும் கூடும் என்பதை அன்று பலர் கண்டனர். பிறகு நட்ட இடங்களில் நாட்டு மரங்களை நாடும் வழக்கம் பெருகியுள்ளது.

தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் இடைப்பட்ட சாலையில் மேடவாக்கத்தை அடுத்திருப்பது நன்மங்கலம். அங்குள்ள காப்புக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 320 ஹெக்டேர். பல்லாவரம் முதலாக இப்பக்கத்துக் குன்றுகள் யாவும் கருநீலக் கடுங்கல்லால் ஆனவை. இக்கல்லுக்குக் 'கார்னோக்கைட்டு' என்று பெயர். கல்கத்தா நகரத்தை நிறுவியவராகச் சொல்லப்படும் சாப் கார்னோக்கின் கல்லறை, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து சென்ற இக்கல்லால் ஆனது. அதனாலேயே நிலவியலார் கல்லுக்கு அவர் பெயரை இட்டனர். கல்லின் உறுதியே குன்றுக்குக் கேடாயிற்று. வீடு கட்டவும் சாலை போடவும் குன்றுகளை உடைத்தனர். நன்மங்கலத்திலும் கல் உடைத்தனர். பிற்றை நாளில் அது கைவிடப்பட்டது. ஆழ்ந்த குழிகளில் மழைநீர் தேங்கி நின்றது. செங்குத்தான பாறைச்சுவர்கள் எஞ்சின.

அப்பாறைச்சுவர்களில் கொம்பன் ஆந்தை குடியேறியது. இப்பறவை கூடு கட்டுவதில்லை. மனிதரும் நாயும் ஏறமுடியாத பாறைத்திட்டில் வெறுந்தரையிலேயே முட்டையிடும். காதுபோல நிமிர்ந்த இறகுக் கொம்பும், பொன்னிறக் கண்ணும், ஆழ்ந்த குரலும் உடையது. எலிகளைப் பெருமளவில் தின்பதனால் உழவர்க்கு நண்பன். ஆயினும் அதன் குரலைத் தீக்குறி என்று அஞ்சுவோர் இன்றும் உளர். பறவை நோக்குவோர் தொலைநோக்கியோடு நன்மங்கலத்துக்குச் செல்வது பெரும்பாலும் இவ்வாந்தையைக் காணவே. கல்லுடைத்தது நன்மை என்று இதனால் கொள்ளற்க. குன்று மீண்டும் வளராது. உடைப்பது நின்றது, நின்றபின் யாரும் தொந்தரவு செய்யவில்லை, அதனால் ஆந்தை வந்தது. இவ்வளவே.

இக்காடுகளின் பயன் நீரிலும் தெரியும். குன்றின்மேல் பெய்த மழை புதரின் இலையிலும் சருகிலும் தங்கித் தங்கி இறங்கும். வெறும் பாறையில் வீழ்ந்தால் பாய்ந்தோடும். நன்மங்கலம், செம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஊர்களின் ஏரிகள் இந்நீரைத் தேக்கி, நிறைந்தபின் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விடுத்தன. இப்பக்கத்து ஏரிகள் பலவற்றின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவின் வழியே கடலை அடையும். அச்சதுப்பில் குப்பை கொட்டியதும் கட்டடம் எழுப்பியதும் யாவரும் அறிந்ததே. 2007-ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. மரமில்லாச் சதுப்பும் சட்டத்தின் கண்ணுக்குக் காடானது. 2022-ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒப்பிய இராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் அஃது இடம்பெற்றது.

2015-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் தொடங்கி ஒரு நாட்பொழுதுக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர்ப் பக்கத்தில் வீடுகளின் முதல்மாடி அளவு நீர் ஏறிற்று. படகுகள் தெருவில் சென்றன. காடுகள் குறையாதிருந்திருந்தால் வெள்ளமே வந்திராது என்று சிலர் சொல்வது மிகை. அத்துணை மழைக்கு எந்தக் காடும் முழுதும் ஈடுகொடுக்காது. ஆனால் ஓடை இருந்த இடத்தில் தெருவும், ஏரி இருந்த இடத்தில் வீடும் இருந்தமையால் நீருக்கு ஒதுங்க இடமில்லாமற் போயிற்று என்பது மிகையன்று.

காப்புக்காட்டின் அன்றாடக் காவல் ஆரவாரமற்றது. எல்லைக்கல் பெயராமல் இருக்கிறதா என்று காவலர் நடந்து பார்ப்பர். கோடை தொடங்குமுன் புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவர். ஒரு துண்டுப் பீடி போதும், ஒரு குன்று கருகும். இரவில் வண்டியில் வந்து கட்டட இடிபாட்டையும் குப்பையையும் காட்டோரம் கொட்டிச் செல்வாரைப் பிடிப்பது கடினம். ஊர்நாய்கள் கூட்டமாய்ப் புகுந்து மானையும் முயலையும் துரத்துவதும் உண்டு. சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் நாட்டுப் புதர்களை நெருக்கி இடம் பிடிக்கின்றன. அவற்றைப் பிடுங்குவதிலும் ஒரு முறை வேண்டும். ஒரே நாளில் இயந்திரம் விட்டு வழித்தால் களாவும் காரையும் சேர்ந்தே போகும். வெறுந்தரையில் மீண்டும் முதலில் முளைப்பது சீமைக்கருவேலே. கையால் தேர்ந்து பிடுங்கி, அவ்விடத்தில் நாட்டுச்செடி வேரூன்றும்வரை காத்திருந்து, பின்பே அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும். பொறுமையைச் செலவுக்கணக்கில் எழுத முடியாமையால் இம்முறையை விரும்புவார் சிலரே.

இக்காடுகளைக் காணப் புகுவோர் காட்டுத்துறையின் இசைவு பெற்றே செல்லுதல் வேண்டும். கதிர் தோன்றும் வேளை நன்று. உரக்கப் பேசுவோர்க்குக் காடு வாய்திறவாது. மழை பெய்த மறுநாள் ஈரமணலில் கீரியின் அடியும் மானின் குளம்பும் தெளிவாய்ப் பதிந்திருக்கும். குன்றிமணிக் கொடியில் நெற்று வெடித்துச் செம்மணிகள் தோன்றும். அவை நஞ்சாதலால் வாயிலிடலாகாது. நன்னாரி வேரை முகர்ந்து பார்த்துப் பிடுங்காமல் விடுவது நலம். நாள்தோறும் ஒரு செடியின் பெயரை அறிந்து குறிப்பேட்டில் எழுதுவோர், ஓராண்டு முடிவில் அதே புதர்வெளிக்குள் வேறொரு காட்டில் நிற்பர்.

ஐப்பசித் திங்களில் இக்குறுங்காட்டுக்கு ஒரு விருந்தினர் வருவதுண்டு. அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். பச்சை முதுகும், நீலத் தோளும், செந்நிற வயிற்றடியும் உடைய குட்டைவாற் பறவை அது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குச் சீழ்க்கை போன்ற குரல் கொடுப்பதனால் அப்பெயர் பெற்றது. இமயமலையின் அடிவாரத்திலும் நடுவிந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்தபின், இரவோடு இரவாகப் பறந்து தெற்கே வரும். நெடும்பயணத்தில் களைத்து வீடுகளின் கொல்லையிலும் பள்ளிகளின் தாழ்வாரத்திலும் வீழ்ந்து கிடப்பதும் உண்டு. அதனைக் கண்டோர் நாயும் காக்கையும் அணுகாதவாறு நிழலில் விட்டால், சிறிது நேரத்தில் தெளிந்து அருகிலுள்ள புதரைத் தேடிச் செல்லும். சேலையூரிலும் கிண்டியிலும் புதரின் கீழே சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்று பனிக்காலத்தைக் கழித்து, வேனில் முதிர்ந்ததும் வடக்கே திரும்பும்.